அணைக்கட்டுப் பக்கம் காய்கறி லோடுக்கு மூன்று சக்கர வண்டி: பழைய டீசலா, புது பேட்டரியா?

மலையோரம்

வணக்கம். நான் அணைக்கட்டு ஒன்றியத்தில் இருக்கிறேன். நானும் என் மச்சானும் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய் எடுத்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மண்டிக்குப் போடுகிறோம். இதுவரை வாடகை வண்டிதான். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுநரைப் போன் போட்டு எழுப்புவதே தனி வேலையாக இருக்கிறது. முகூர்த்த நாளில் அவரும் வேறு லோடுக்குப் போய்விடுகிறார். அதனால் சொந்தமாக ஒரு வண்டி எடுத்துவிடலாம் என்று முடிவு.

தோட்டம் தோட்டமாகச் சுற்றி, மார்க்கெட் போய்த் திரும்பினால் அறுபது கிலோமீட்டர் வரும். சாதாரண நாளில் 500 கிலோ. ஆவணி முகூர்த்தம், பொங்கல் என்றால் 800, 900 கூட ஆகும். திரும்பும்போது காலி, எப்போதாவது உர மூட்டை.

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஊசூரில் ஒருவர் 2018 மாடல் டீசல் லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், 1.40 கேட்கிறார். அது வேண்டாம் என்றால் புது பேட்டரி வண்டி, மீதிக்கு லோன். மச்சான் இரண்டுமே வேண்டாம் என்கிறான். "எதற்கு மூணு சக்கரம், குட்டியானை எடுத்துவிடலாம்" என்பது அவன் கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்

தம்பி, எனக்கு ஆற்காட்டில் ஒர்க்‌ஷாப். வருவதில் முக்கால்வாசி மூன்று சக்கர வண்டிதான்.

எந்த வண்டி என்று பேசுவதற்கு முன் அந்த 900 கிலோவைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று சக்கர லோடு ஆட்டோவில் ஏற்றச் சொல்லும் எடை, எந்தக் கம்பெனியானாலும், ஏறக்குறைய அரை டன்தான். ஆர்சியில் காலி எடையும் லோடோடு சேர்த்த மொத்த எடையும் போட்டிருக்கும், கழித்துப் பாருங்கள். 900 கிலோவை வண்டி இழுக்குமா என்றால் இழுக்கும், நம் ஊரில் தினமும் இழுக்கிறது. நிறுத்துமா என்பதுதான் கேள்வி. சின்ன டயர், டிரம் பிரேக், முன்னால் ஒற்றைச் சக்கரம். இதை யோசித்துவிட்டு மேலே போவோம்.

2018 என்றால் பிஎஸ்4 (வண்டிப் புகைக்கான அரசு விதி). 2020 ஏப்ரலுக்குப் பிறகுதான் பிஎஸ்6. பிஎஸ்4 டீசலை ரோட்டோர மெக்கானிக்கே பெரும்பாலும் கழற்றி மாட்டிவிடுவார். பிஎஸ்6இல் சென்சார் அதிகம், ஸ்கேனர் இல்லாமல் சில கோளாறு பிடிபடாது. கிராமத்தில் வைத்து ஓட்டுபவருக்குப் பழையதில் அந்த ஒரு நிம்மதி இருக்கிறது.

ஊசூர் வண்டியைப் பார்ப்பதானால் விடியற்காலையில் போங்கள், அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால். சூடான எஞ்சின் எல்லாமே நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அந்த ஓட்டை வழியாகப் புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது, போரிங் செலவு காத்திருக்கிறது. சைலன்சரில் கருப்புப் புகை என்றால் பம்ப், நாசில் பக்கம் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பிடித்து நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. அப்புறம் பின்னால் போய் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் பாருங்கள். மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி. பெட்டிக்கு அடியில் சேஸிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருங்கள்.

காட்பாடி ஸ்டாண்டு

நான் ஓட்டுவது பயணிகள் ஆட்டோ. ஜங்ஷனில் ரயில் வந்தால் சிஎம்சி, அங்கிருந்து பாகாயம், தொரப்பாடி, இப்படித்தான் நாள் போகும். பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பேட்டரிக்கு மாறியவன். என் பிழைப்புக்கு அது சரியாக அமைந்தது. மலையோரத்துக்கு அமையுமா என்பது வேறு.

முதலில் ஒன்று. கடையில் "பேட்டரி ஆட்டோ" என்று ஒரே பேரில் இரண்டு சாதி வண்டி விற்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத ஈ-ரிக்‌ஷா ஒன்று. அதை விட வேகமாகப் போகும், ஆர்சியில் எல்5 என்று வகை போட்ட ஆட்டோ இன்னொன்று. விலை குறைவாகச் சொன்னால் முதலாவதாக இருக்கும், பெரும்பாலும் அதில் லெட் ஆசிட் பேட்டரி. மார்க்கெட் லோடுக்கு அது ஆகாது. எல்5, லித்தியம், இந்த இரண்டையும் விலைப்பட்டியலில் எழுதிக் கேளுங்கள்.

விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் ஆய்வுக்கூடக் கணக்கு. லோடோடு, நம் ஊர் ரோட்டில், அதில் முக்கால் பங்குக்குக் கீழே வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. உதாரணத்துக்கு மகிந்திரா ட்ரியோ ஜோரில் 7.37 கிலோவாட் மணி பேட்டரி, 550 கிலோ லோடு. உங்கள் அறுபது கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜ் போதும். ஆனால் பகலில் மச்சான் வாடகைக்கும் ஓட்டுவேன் என்றால் நடுவில் ஒருமுறை ஏற்ற வேண்டிவரும், அது மூன்று நான்கு மணி நேரம்.

சித்திரை வெயிலில் ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் மாட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள். லித்தியத்துக்குக் குளிரை விடச் சூடுதான் எமன், நம் ஊரில் 42 டிகிரி சாதாரணம்.

மீட்டருக்கு மேல

விவசாயிக்கு என்ன கவலை அண்ணா, பம்ப்செட் ரூமில் மாட்டிவிட்டால் டீசலும் மிச்சம் கரண்ட் பில்லும் மிச்சம் 😄

கணக்குப்பிள்ளை

விளையாட்டுக்குச் சொன்னாலும் யாராவது செய்துவிடப் போகிறார்கள். விவசாய இலவச மின் இணைப்பு பம்ப்செட்டுக்கு மட்டும். அதில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126படி அனுமதியில்லாத பயன்பாடு. ஸ்குவாட் வந்தால் போடுகிற தொகையில் பழைய ஆட்டோ ஒன்று வாங்கிவிடலாம்.

வீட்டு இணைப்பில் ஏற்றினாலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஏழு யூனிட் ஆகும். மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட். வீட்டுச் செலவு 200 யூனிட் இருந்தாலே மொத்தம் 500ஐத் தாண்டிவிடும். 500ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள ஸ்லாப்பின் மலிவு விலையும் போய்விடுகிறது. "ஒரு கிலோமீட்டருக்கு ஐம்பது காசு" என்று ஷோரூமில் சொல்வதில் இது இருக்காது.

இப்போது கணக்கு. டீசல் லோடு ஆட்டோ லோடோடு லிட்டருக்கு 26 கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். பேட்டரி வண்டிக்கு யூனிட் எட்டு ரூபாய் என்றே போட்டாலும் தொண்ணூறு காசு, ஒரு ரூபாய். மிச்சம் இரண்டரை ரூபாய். 60 கிலோமீட்டருக்கு 150 ரூபாய், 25 நாளுக்கு 3,750.

புது டீசலுக்கும் புது பேட்டரிக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சம் என்று வைத்தால் இரண்டேகால் வருடத்தில் எடுத்துவிடலாம், நல்ல பேரம். ஆனால் மலையோரம் ஒப்பிடுவது 1.40க்குப் பழைய டீசலையும் நான்கு லட்சத்தை ஒட்டிய புது பேட்டரியையும். 2.60 லட்சத்தை மாதம் 3,750ஆல் வகுத்தால் 69 மாதம், லோன் வட்டி சேர்க்காமலே. அதற்குள் பேட்டரி வாரண்டி முடிந்திருக்கும். இதே வண்டி தினம் 120 கிலோமீட்டர் ஓடினால் கணக்கு அப்படியே பாதியாகும். காட்பாடி அண்ணனுக்கு லாபமாக இருப்பது அதனால்தான்.

லோன் எடுப்பதானால் "12 சதவீதம் ஃபிளாட்" என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். இரண்டு லட்சம், மூன்று வருடம், 12 ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 72,000, மாத டியூ 7,556. குறையும் பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தொடும். முதலில் வங்கியில் முத்ரா கடன் திட்டத்தின் கிஷோர் பிரிவைக் கேட்டுப் பாருங்கள், அது ஐந்து லட்சம் வரை. அப்புறம் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் விவரம்.

குட்டியானை பக்தன்

மச்சான் சொல்வதுதான் சரி. டாடா ஏஸ் 2005இல் வந்ததே இந்த மூன்று சக்கர லோடு வண்டிக்காரர்களைப் பிடிக்கத்தான். 750 கிலோ சட்டப்படியே ஏற்றலாம், நாலு சக்கரம், கேபின், மழையில் நனைய வேண்டாம். 900 கிலோ வரும் என்று அவரே சொல்கிறார், இன்னும் என்ன யோசனை?

லோடு மேன்

பக்தரே, அந்த வண்டியை லாங்கு பஜாரிலும் மண்டித் தெருவிலும் காலை ஐந்து மணிக்குத் திருப்பிக் காட்டுங்கள். லோடு ஆட்டோ நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இன்னொன்று, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் லோடு கிடைத்தால் பள்ளிகொண்டா டோலில் மூன்று சக்கரத்துக்குக் கட்டணம் இல்லை, உங்களுக்கு உண்டு. டயர் ஒன்று குறைவு, இன்சூரன்ஸ் குறைவு, டீசல் குறைவு.

மற்றபடி ஸ்பேனர் பாய் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. இந்த ஜில்லாவில் லோடு ஆட்டோ வைத்திருக்கும் எல்லோரும் ஒரு டன் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். புத்தகத்தில் போட்ட எடையைப் பார்த்தால் அடுப்பு எரியாது.

ஸ்பேனர்

நான் பயமுறுத்தவில்லை. கவிழ்ந்த வண்டி வருகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் கவிழ்கிறது என்று புரிந்துகொண்டு ஓட்டினால் பாதி ஆபத்து குறையும். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களை மனதில் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். பின்னால் அகலம், முன்னால் போகப் போக ஒடுங்கி ஒரு புள்ளி. மொத்த எடையின் நடுப்புள்ளி அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வளைவில் எடை வெளிப்பக்கம் தள்ளும். அதே நேரம் பிரேக் பிடித்தால் முன்பக்கமும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் எடை போவது முன் மூலைக்கு, அங்கேதான் முக்கோணம் ஒடுங்கிக் கிடக்கிறது. அதனால்தான் லோடு ஆட்டோ நேர் ரோட்டில் அவ்வளவாகக் கவிழ்வதில்லை, வளைவில் பிரேக் மிதிக்கும்போது கவிழ்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது. நாலு சக்கரம் ஓட்டிப் பழகியவருக்கு இது சுலபத்தில் வராது.

ஏற்றும் முறையும் இதே கதைதான். கனமானது அடியில், பின் அச்சுக்கு நேர் மேலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும். பின் கதவைத் திறந்து போட்டு மூட்டையை வெளியே தொங்கவிட்டால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் திரும்பும், வண்டி நேராகப் போகும். ஏற்றத்தில் இன்னும் மோசம். கத்தரி, வெண்டை மூட்டை கனத்தை விட உயரம்தான் வில்லங்கம். கேபின் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். உர மூட்டை 50 கிலோ, தாழ்வாக இருக்கும், அதில் பிரச்சினை குறைவு.

எல்லாவற்றிலும் மோசம் தானாக நகர்கிற லோடு. கோடையில் தண்ணீர் விற்கிறவர்கள் 500 லிட்டர் சின்டெக்ஸை வைத்துக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நிரம்பியிருக்கும்போது பரவாயில்லை. நாலு வீட்டுக்கு ஊற்றிப் பாதியானதும், வளைவில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் சேர்ந்து வண்டியைச் சாய்க்கும். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையிலிருந்து கன்றுக்குட்டி ஏற்றி வருகிறவர்களுக்கும் இதே ஆபத்து. கன்று நிற்கும், நடக்கும், மிரளும். குறுக்கே கட்டிப் படுக்க வைத்தால்தான் உண்டு.

லோடு மேன்

இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை போடப் போகிறேன். பின் கதவு விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனாலும் ஒரு டன் ஒரு டன்தான், நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கருப்புக் கோட்டு

மாற்றிக்கொள்ளாதவருக்கு ஒரு தகவல். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மூன்று சக்கர வண்டிக்கு என்று தனிச் சலுகை கிடையாது.

மலையோரத்துக்கு நல்ல செய்தியும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 66இல் பர்மிட் விலக்கு இருக்கிறது. பயணிகள் ஆட்டோவுக்குத்தான் பர்மிட் தொல்லை, அதிலும் பேட்டரி ஆட்டோவுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு விலக்குக் கொடுத்துவிட்டது. லைசென்ஸ் விஷயத்தில், எல்எம்வி (கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸ்) இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. கார் லைசென்ஸ் வைத்திருக்கும் பலர் லோடு ஆட்டோவைத் தொடாமலே இருக்கிறார்கள், தேவையில்லாத பயம். இருந்தாலும் கையில் கியர், கையில் கிளட்ச், ஹேண்டில் எல்லாம் வேறு மாதிரி. காலி வண்டியை மைதானத்தில் ஓட்டிப் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

மலையோரம்

இவ்வளவு பேர் எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரு சந்தேகம். காய் பறிக்க வரும் அக்காமார்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார்கள். போகிற வழியில் அவர்களை லோடு ஆட்டோவின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தால் பஸ்காசு மிச்சம். எல்லோரும் செய்கிறார்கள்தானே?

கருப்புக் கோட்டு

எல்லோரும் செய்கிறார்கள். வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் லோடு ஆட்டோவில்தான் பாதி ஊர் போகிறது. ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்பது உச்ச நீதிமன்றம் பல முறை சொன்னது. விபத்து நடந்தால் இழப்பீட்டை வண்டிக்காரர் கையிலிருந்து கட்ட வேண்டும். அதாவது நீங்கள், நிலத்தை விற்றாவது. பெரும்பாலான லோடு ஆட்டோ ஆர்சியில் இருக்கை ஒன்று என்றுதான் போட்டிருக்கும். ஓட்டுநர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வரும் மச்சானுக்கே அதில் இடம் கிடையாது.

பஸ்காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

குடியாத்தம் அக்கா

பேட்டரி லோடு வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது, நான் எழுதுகிறேன். எனக்கு இட்லி மாவு வியாபாரம். விடியற்காலையில் குடியாத்தம் டவுன் கடைகளுக்கும் பேரணாம்பட்டு ரோட்டில் உள்ள கடைகளுக்கும் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு. முந்நூறு கிலோவைத் தாண்டாது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று நின்று போகிற வேலை. டீசல் வண்டியில் இப்படி நின்று கிளம்பினால் கிளட்ச் பிளேட்டும் கையும் சேர்ந்து தேயும். இதில் கிளட்சே இல்லை. அதிர்வும் இல்லை, பாக்கெட் உடைவது குறைந்தது. முன்பு வண்டி ஓட்ட ஆள் வைத்திருந்தேன், இப்போது நானே ஓட்டுகிறேன்.

குறை என்று சொன்னால் சர்வீஸ். சின்னக் கோளாறுக்கும் வேலூருக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், அங்கேயும் சாமான் வர ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். பக்கத்து மெக்கானிக் கை வைக்க மாட்டேன் என்கிறார். சத்தம் வராததால் நாயும் நகராது, மனிதரும் நகர மாட்டார்கள், ஹார்ன் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

வாங்குகிற தம்பிக்கு: வீட்டில் 15 ஆம்ப் பிளக்கும் நல்ல எர்த்தும் போட்டுவிட்டு வண்டியை இறக்குங்கள். கிராமத்தில் லோ வோல்டேஜ் என்றால் சார்ஜ் ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், சில நாள் ஏறவே ஏறாது. மாவு வீட்டில் கரண்ட் போனால் நான் கிரைண்டரைப் பார்ப்பேனா வண்டியைப் பார்ப்பேனா?

மீட்டருக்கு மேல

சிஎன்ஜி பற்றி யாரும் பேசவே இல்லையே?

காட்பாடி ஸ்டாண்டு

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஹைவேயை ஒட்டி இருப்பவர்களுக்கு நல்லது. அணைக்கட்டிலிருந்து கேஸ் நிரப்பவே தனியாக ஒரு சவாரி போக வேண்டுமே. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் டெஸ்டும் உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வடாற்காடு

இளைஞர்கள் பேசுவதைப் பார்த்து ஒரு பழைய கதை. எங்கள் காலத்தில் மூன்று சக்கர லோடு வண்டி என்றால் பஜாஜ் டெம்போ. மூக்கு நீண்டு, முன்னால் ஒற்றைச் சக்கரம், "டபடப" என்று ஊரையே எழுப்பும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்த ஹான்சியட் என்ற வண்டியின் வார்ப்பு அது, 1958 வாக்கில் இங்கே வந்தது. அதில் எஞ்சின் உட்கார்ந்திருப்பதே முன் சக்கரத்தின் மேல், இழுப்பதும் முன் சக்கரம்தான். ஆரணி ரைஸ் மில்லில் நெல் மூட்டையைப் பின்னால் ஏற்றிவிட்டால் ஏற்றத்தில் முன் சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போதைய லோடு ஆட்டோவில் இழுப்பது பின் சக்கரம், அந்தத் தொல்லை இல்லை.

அபே என்ற லோடு ஆட்டோ தெருவெங்கும் வந்தது பியாஜியோ 1990களின் கடைசியில் மகாராஷ்டிராவில் பாராமதியில் ஆலை வைத்த பிறகு. அதற்கு முன்பு டெம்போ இல்லாவிட்டால் மாட்டுவண்டிதான். நேதாஜி மார்க்கெட்டுக்கு இலவம்பாடி கத்தரிக்காய் மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்க நடந்து வரும். அதே முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். மலையோரத்துத் தம்பி அதைத்தான் ஏற்றுகிறாரா?

மலையோரம்

ஆமாம் ஐயா, முள்ளுக் கத்தரிதான் அதிகம். குறியீடு வந்தது, மண்டியில் விலை மட்டும் பழைய விலைதான்.

ஊசூர் வண்டியை மச்சானோடு போய்ப் பார்த்தேன். வெடவெடவென்று பனியில் இருந்த வண்டி இரண்டாவது உதைக்கே பிடித்துக்கொண்டது. ஆயில் மூடியில் லேசாக ஆவி வருகிறது, தள்ளவில்லை. கோன் செட் நடுவில் பிடிக்கிறது. பின் டயர் ஒன்று ரீட்ரேட், இன்னொன்று வழுக்கை. சேஸிஸில் வெல்டிங் இல்லை. எஃப்சி (தகுதிச் சான்று) அடுத்த மாதம் முடிகிறது. 1.40லிருந்து 1.22க்கு இறங்கி வந்திருக்கிறார். பேட்டரி வண்டியையும் ஷோரூமில் ஓட்டிப் பார்த்தோம். மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, குட்டியானையை மறந்தே போனான். ஆனால் எங்கள் ஊர் வோல்டேஜ் எனக்குத் தெரியும்.

டீசலே போதும் என்று இருக்கிறோம். 500 கிலோவுக்கு மேல் வரும் நாளில் மீதிக்குப் பழையபடி வாடகை வண்டி, இல்லையென்றால் தோட்டத்துக்காரரை முதல் நாள் சாயங்காலமே பறிக்கச் சொல்லி இரண்டு நடை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறது. "கடன் எப்போதோ முடிந்துவிட்டது, பேப்பர் மட்டும்தான் பாக்கி" என்கிறார். பணம் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை

டோக்கன் அட்வான்ஸ் தவிர ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸில் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைச் சான்று) கையெழுத்திட்ட படிவம் 35ம் கொடுத்திருப்பார்கள். அதை வைத்து ஆர்டிஓ அலுவலகத்தில் ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்த பிறகுதான் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம். "பேப்பர் மட்டும்தான்" என்று சொல்லும் பாதி வண்டிகளில் கடைசி மூன்று டியூ பாக்கி இருக்கும். என் சொந்தக்காரர் ஒருவர் அப்படி வாங்கிய வண்டியை ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள், கொடுத்த பணமும் திரும்பவில்லை.

பரிவாகனிலேயே ஈ-சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், அது வண்டியோடு உங்களுக்கு வந்து சேரும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எஃப்சியை அவரே எடுத்துத் தரட்டும் என்று பேசுங்கள். எட்டு வருடம் தாண்டிவிட்டால் வருடா வருடம் எஃப்சி, அந்தச் செலவையும் மனதில் வைத்துப் பேரம் பேசலாம்.

ஸ்பேனர்

சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் அப்படியே. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் எஃப்சியில் நின்றுவிடும்.

கோன் செட்டும் வழுக்கை டயரும் எஃப்சிக்கு முன் மாற்றியே ஆக வேண்டும், அதையும் விலையில் கழியுங்கள். நீங்கள் ராத்திரி ஓட்டுகிறவர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் புதிதாக ஒட்டுங்கள், பழையது மங்கியிருக்கும். ஹைவேயில் நாற்பதில் போகிற லோடு ஆட்டோ பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிய வேண்டும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள்.

மலையோரம்

என்ஓசி வந்துவிட்டது, படிவம் 35இல் கையெழுத்தும் இருக்கிறது. 1.18க்கு முடித்தோம், எஃப்சி அவர் பொறுப்பு. ஸ்பேனர் பாய், ஹெச்பி கேன்சல் ஆனதும் ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டுக்கு வண்டியை எடுத்து வரட்டுமா? கோன் செட் நீங்கள் மாற்றித் தருவீர்களா?

ஸ்பேனர்

ஞாயிறு மதியம் வரைதான் கடை. ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். சாமானை நானே வாங்கி வைக்கிறேன், எந்த மாடல் என்று ஆர்சியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வரும்போது காலியாக வாருங்கள், பெட்டியில் கத்தரிக்காய் வேண்டாம். எனக்கு ஒரு கிலோ மட்டும் தனியாக.